‘சளி உடம்பு’ என்னும் தீர்ப்பு

ஒரு குழந்தை மாதக்கணக்கில் இருமினால் நம் ஊரில் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது: சளி உடம்பு. பாட்டி சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சில மருத்துவர்களும் சொல்வார்கள். டெஸ்ட் எல்லாம் நார்மல், காரணம் என்று ஒன்றும் இல்லை, உடம்புவாகு அப்படி, சிரப்பை மாற்றிப் பார்க்கலாம், வயது ஏறினால் தானாகச் சரியாகிவிடும். பெற்றோருக்கு இது ஆறுதல், மற்றவர்களுக்கு வேலை மிச்சம். அதனால்தான் இந்தப் பேச்சுக்கு ஆயுசு கெட்டி.

இதில் உண்மையான பங்கை முதலில் கொடுத்துவிடலாம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறேழு தடவை சளி பிடிப்பது இயல்பு. சளியோடு வரும் இருமல் பாதிப் பேருக்குப் பத்து நாளில் அடங்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இருபத்தைந்து நாளுக்குள் போய்விடும். நோய் ஏதுமில்லாத குழந்தையும் இருமத்தான் செய்கிறது. 1996இல் பிரிட்டனில் நலமான பிள்ளைகளின் இருமலைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். சராசரியாக ஒரு நாளைக்குப் பதினொரு தடவை. ஒரு குழந்தை 34 தடவை. ஆகவே எல்லா இருமலுக்கும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு நான்கு வாரத்தைத் தாண்டினால்தான் நாள்பட்ட இருமல் என்று மருத்துவம் கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இடையில் ஒரு வாரமாவது இருமலே இல்லாமல் இருந்தானா? இருந்தான் என்றால் அவை தனித்தனிச் சளிகள். இல்லை என்றால், அங்கே ‘சளி உடம்பு’ என்று சொல்வது தேடலை நிறுத்துவதற்கான சாக்கு மட்டுமே.

‘எக்ஸ்ரே நார்மல், அதனால் ஒன்றுமில்லை’ என்பதுதான் இந்தப் பேச்சிலேயே ஆபத்தான பகுதி. இரண்டு வயதுக் குழந்தை வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறது, சிரிக்கிறது, திடீரெனத் திணறி இருமுகிறது. முதுகில் நாலு தட்டுத் தட்டுகிறார்கள், அடங்கிவிடுகிறது. கடலை வெளியே வந்ததா, வயிற்றுக்குள் போனதா என்று யாரும் பார்ப்பதில்லை. மூச்சுக்குழாய்க்குள் இறங்கி ஓரிடத்தில் சிக்கிய பொருளின் உறுத்தல் சற்று நேரத்தில் மரத்துப்போகும். பிள்ளை வழக்கம்போல விளையாடும். சில நாளோ சில வாரமோ கழித்து இருமல் ஆரம்பிக்கும்போது அந்தத் திணறலை எல்லோரும் மறந்திருப்பார்கள். பார்த்துக்கொண்டிருந்தது ஆயாவோ அண்ணனோ என்றால் பெற்றோருக்குத் தெரியவே தெரியாது.

எக்ஸ்ரேயில் காசு தெரியும், ஆணி தெரியும். வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பிளாஸ்டிக் பேனா மூடி ஆகியவற்றை ஊடுருவிக் கதிர் போய்விடும், நிழல் விழாது. படத்தில் தெரியக்கூடியது அவற்றின் விளைவுதான். சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி, உள்ளே போகும் காற்றை விட்டு, வெளியேறும் காற்றைத் தடுப்பதால் அந்தப் பக்கத்து நுரையீரல் உப்பியிருக்கும். மூச்சை இழுத்திருக்கும் நேரத்தில் எடுத்த படத்தில் அது மறைந்துபோகும். மூச்சை விட்டிருக்கும் நேரத்தில் எடுத்தால்தான் பிடிபட வாய்ப்பு. அப்போதும் படம் சுத்தமாக இருக்கலாம். திணறல் நடந்தது உறுதி என்றால் படம் என்ன சொன்னாலும் மூச்சுக்குழாய்க்குள் உள்நோக்கிக் குழாயை விட்டுப் பார்ப்பதே முறை. கடலை ஊற ஊறப் பெருத்து, அதன் எண்ணெய் சுற்றியுள்ள சவ்வைப் புண்ணாக்குகிறது. ஒரே பக்க நுரையீரலில் திரும்பத் திரும்ப ‘நிமோனியா’ வரும் குழந்தைகளில் சிலருடைய கதை இதுதான்.

இப்படி எடுப்பது நேற்று வந்த வித்தை இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் ஒருவரின் மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை வெளியே எடுத்தது 1897இல். அவருக்குப் பின் அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் மூச்சுக்குழாயிலும் உணவுக்குழாயிலும் சிக்கியதை எடுப்பதையே ஆயுள் வேலையாக வைத்துக்கொண்டார். ஊக்கு, பொத்தான், விதை என்று அவர் சேர்த்துவைத்த 2,000க்கும் அதிகமான பொருள்கள் ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் தெரிந்திருக்கும் ஒரு காரணத்தை இன்றும் ஒரு பெயரால் மூடிவைக்கிறோம் என்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

அடுத்த துண்டு: ‘ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தாயிற்று, நின்றது, திரும்ப வந்துவிட்டது, அப்படியானால் உடம்புவாகுதானே?’ இங்கே இருமலின் சத்தத்தைக் கேட்க வேண்டும். வறட்டு இருமலா, உள்ளே கோழை புரளும் சத்தத்தோடு வருகிறதா? சின்னக் குழந்தை கோழையைத் துப்பாது, விழுங்கிவிடும். அதனால் ‘சளியே வரவில்லை’ என்ற பதிலை நம்ப முடியாது. முதுகில் கை வைத்தால் தெரியும் கரகரப்பை நம்பலாம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜூலி மர்ச்சன்ட், ஆன் சாங் குழுவினர் நாள்பட்டு இருமும் பிள்ளைகளை முறையாக ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு பலரையும் திருப்பிப்போட்டது. பத்தில் நான்கு பேருக்குக் காரணம், மூச்சுக்குழாய்க்குள் பாக்டீரியா தங்கி உண்டாக்கும் நீடித்த அழற்சி. பெரியவர்களிடம் வழக்கமாகக் குற்றஞ்சாட்டப்படும் ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், மூக்கிலிருந்து தொண்டைக்கு வழியும் சளி மூன்றும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு.

இந்த அழற்சிக்குச் சரியான ஆன்டிபயாட்டிக் இரண்டு வாரமாவது போக வேண்டும். 2012இல் அதே குழு மருந்தையும் போலி மருந்தையும் ஒப்பிட்டது: இரண்டு வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 48 சதவீதம் பேருக்கு இருமல் நின்றது, போலி மருந்தில் 16 சதவீதம். நம் ஊரில் நடப்பது என்ன? மூன்று நாள் மூக்கொழுகலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார்கள். ஆறு வாரம் கோழை புரளும் இருமலுக்கு அதே மூன்று நாள் மருந்தைத் தந்து, பாதியில் நிறுத்தி, திரும்ப வந்ததும் உடம்பைக் குறை சொல்கிறார்கள். தேவையில்லாத இடத்தில் கொடுப்பதும் தேவையான இடத்தில் குறைத்துக் கொடுப்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம். முழுதாகக் கொடுத்தும் மறுபடி மறுபடி வந்தால் அதற்கு மேலும் தேட வேண்டும்: எதிர்ப்புச் சக்திக் குறைபாடு, உறுப்பமைப்பில் பிசகு, மூச்சுக்குழல்கள் நிரந்தரமாக விரிந்துபோன நிலை. விரல் நுனிகள் உருண்டு தடித்திருந்தால் அந்தத் தேடலைத் தள்ளிப்போடவே கூடாது.

‘வீசிங்தான், பம்ப் வேண்டாம், பழகிவிடும், சிரப் போதும்.’ இதில் இரண்டு தப்பு. விடியற்காலையிலும் ஓடும்போதும் சிரிக்கும்போதும் வரும் இருமல், கூடவே இழுப்பு, குடும்பத்தில் ஆஸ்துமா என்றால் சந்தேகப்படுவது நியாயம். இழுப்பே இல்லாத தனி இருமல் ஆஸ்துமாவாக இருப்பது அரிது. சந்தேகம் இருந்தால் சில வாரம் மருந்தை உறிஞ்சவைத்து, பிறகு நிறுத்திப் பார்ப்பார்கள். பலன் இல்லையென்றால் அந்தப் பெயரையும் கைவிட வேண்டும். இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பம்ப் பற்றிய பயத்துக்கு ஒரு கணக்குப் போதும். சால்பியூட்டமால் பம்பில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சிரப்பில் வழக்கமாக 5 மில்லிக்கு 2 மில்லிகிராம், இருபது மடங்கு. அதுவும் நுரையீரலோடு நிற்காமல் உடம்பெல்லாம் சுற்றுகிறது.

தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தச் சொல்பவர்களோடு நீண்ட சண்டை போட எனக்கு விருப்பமில்லை. இருமும் குழந்தையின் தட்டிலிருந்து சத்துள்ளதை எடுத்துவிட்டு, இரவில் சன்னலைச் சாத்திக் கொசுவர்த்தி கொளுத்துகிறார்களே, அதைப் பற்றி மட்டும் ஒன்று. ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது.

இனி, ‘சளி உடம்பு’ தோற்கும் இடத்தில் அதன் அண்ணனாக வந்து நிற்கும் பெயர்: பிரைமரி காம்ப்ளெக்ஸ். தமிழ்நாட்டில் இதைக் கேள்விப்படாத குடும்பம் குறைவு. இருமல் போகவில்லை, எடை ஏறவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. உடனே ஆறு மாத மருந்து. காசநோய்க் கிருமி முதன்முதலில் நுரையீரலில் தங்கிய புள்ளியையும் அருகிலுள்ள நெறிக்கட்டியையும் சேர்த்துக் குறிக்கும் பெயர் இது. ஆன்டன் கோன் 1912இல் அந்தப் புள்ளியை விரிவாக விவரித்தார். சாப்பிட அடம்பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காசநோய்க்கான மான்டோ சோதனை ஊசி போட்ட இடம் தடித்தால் கிருமி உள்ளே நுழைந்திருக்கலாம் என்றுதான் அர்த்தம். நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசநோய் சொல்லும் சோதனைகளோ நம்பவே தகாதவை என்று 2012இல் இந்திய அரசே தடை செய்துவிட்டது.

காசநோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் அப்படிச் சொல்வது பைத்தியக்காரத்தனம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ, இறங்கும் எடை, வீட்டில் காசநோயுள்ள பெரியவர் என்றால் கட்டாயம் தேட வேண்டும். தேடுவதற்கு வழியும் இருக்கிறது. குழந்தை விழுங்கிய கோழையைக் காலையில் வெறும் வயிற்றிலிருந்து குழாய் மூலம் எடுத்து, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனைக்கு அனுப்பலாம். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். கிருமி பிடிபடாமல் போவதும் உண்டு. அப்போது படம், ஊசி, வீட்டுத் தொடர்பு எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும். எடையே போடாமல் மருந்து தருவதைத்தான் மறுக்கிறேன். உண்மையான காசநோய் என்றால், அந்தக் குழந்தைக்குக் கிருமியைத் தந்த பெரியவர் மருந்தில்லாமல் அதே வீட்டில் இருமிக்கொண்டிருக்கலாம்.

காசநோய் என்று நினைத்தது வேறாக இருப்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய பாடம் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940இல் ஒரு குழப்பத்தை எழுதிவைத்தார்கள்: பார்க்கக் காசநோய் மாதிரி, கிருமி இல்லை, ரத்தத்தில் ஈஸ்னோபில் அணுக்கள் மட்டும் மிக அதிகம். யானைக்கால் புழுவுக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமை அது என்று பின்னால் தெளிவாயிற்று. மூன்று வார மாத்திரையில் தீரும் நோய். இன்று அதுவும் தேய்ந்து, எண்ணிக்கை சற்றே கூடினாலும் ‘ஈஸ்னோபீலியா’ என்று ஒட்டும் சீட்டாகிவிட்டது. அந்த நோயில் எண்ணிக்கை 3,000ஐத் தாண்டும். குடற்புழுவும் சாதாரண அலர்ஜியும் அதைக் கொஞ்சம் ஏற்றும்.

‘வேணும்னே இருமுறான்’ என்று முடித்துவிடும் வீடுகளும் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளை வாத்துக் கத்துவது போன்ற சத்தத்தோடு நிமிடத்துக்குப் பல தடவை இருமும். வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். தூங்கினால் சுத்தமாக நின்றுவிடும். நடிப்பு இல்லை, பழக்கமாகிப்போன இருமல். சளி போன பிறகும் உறுத்தல், இருமல், மேலும் உறுத்தல் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் மைல்ஸ் வைன்பர்கர் என்ற மருத்துவர் இதற்கு மருந்தே கொடுக்கவில்லை. இருமல் வரும்போது கொஞ்சம் அடக்கு, வெந்நீரை ஒரு மடக்குக் குடி, இன்னும் ஒரு நிமிடம் அடக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசியே நிறுத்தினார்; பலருக்கு ஒரே அமர்வில். திட்டுவதாலும் ஸ்டீராய்டாலும் இது போகாது.

கடைசியாக அந்தச் சிரப். இருமல் மருந்து இருமலின் காரணத்தைத் தொடுவதில்லை. சிறு குழந்தைகளுக்குப் பலன் தரும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை. தீங்குக்குச் சான்று ஏராளம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு ஆய்வகம் பரிசோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1. அதற்குப் பின் மத்திய சுகாதாரத் துறை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல் சிரப் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஒரு வயது கடந்த குழந்தைக்கு இரவில் ஒரு ஸ்பூன் தேன் அதைவிட மேல். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்வது? மருத்துவரிடம் போகும்போது பழைய பில்களைவிடப் பயன்படுவது கைபேசியில் பதிந்த இருமல்: பகலில் ஒன்று, இரவில் ஒன்று, தூக்கத்தில் வந்தால் அதுவும். இருமல் எந்த நாளில் தொடங்கியது, அன்று திணறல் இருந்ததா, பால் குடிக்கும்போது புரையேறுகிறதா, இருமி இருமிக் கடைசியில் வாந்தி வருகிறதா, கக்குவான் தடுப்பூசி எல்லாத் தவணையும் போட்டாயிற்றா, எடை அட்டை என்ன சொல்கிறது, வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதடு நீலம் பூத்தாலோ, மூச்சுக்கு விலா உள்வாங்கினாலோ, கோழையில் ரத்தம் வந்தாலோ, கைக்குழந்தைக்கு இருமும்போது மூச்சு நின்று நின்று வந்தாலோ தாளெல்லாம் வேண்டாம், உடனே கிளம்புங்கள். எதையோ மென்றுகொண்டிருந்தபோது திணறித் தொடங்கிய இருமல் என்றால், அது அடங்கிவிட்டாலும், மூச்சுக்குழாய்க்குள் பார்க்க வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றைக்கே போக வேண்டும். அங்கே முதல் எக்ஸ்ரே நார்மல் என்றால், ‘மூச்சை விட்டிருக்கும்போது ஒரு படம் எடுத்தீர்களா?’ என்று கேளுங்கள். அதுவும் நார்மல் என்றாலும் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.