செவெர்ன் ஆற்றங்கரைப் பூங்கா

இயற்கை எழில் என்றவுடன் நம் உள்ளம் தொலைவிற்கே பாய்கின்றது. பனி போர்த்த சிகரங்களும், அதிர்ந்து வீழும் பேரருவிகளும், மனித அடி படாத கானகங்களும் நினைவிற்கு வருகின்றன. அவற்றின் பெருமையை நான் குறைத்துக் கூறேன். ஆயினும், ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று அறிய விரும்புவோன் அச்சிகரங்களைக் கண்டு திரும்புவதால் பயன் மிகுதியாக இல்லை. அம்மக்கள் பணி முடித்த மாலையில், காசு செலவின்றி, பிள்ளைகளுடன் சென்று அமரத்தக்க ஆற்றங்கரை ஒன்று அவர்தம் ஊருக்கு அருகே உண்டா, அங்குச் செல்ல அவர்களுக்கு உரிமை உண்டா என்று அவன் கேட்டறிதல் வேண்டும். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், செவெர்ன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள நாட்டுப்புறப் பூங்கா இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும்.

செவெர்ன், பிரிட்டன் தீவின் மிக நீண்ட ஆறு. வேல்ஸ் நாட்டு மலைகளில் தோன்றி, கிழக்கே வந்து, பின் தெற்கே திரும்பி, ஏறத்தாழ 354 கிலோமீட்டர் ஓடிக் கடலோடு கலக்கின்றது. அதன் கரையில் உள்ள சந்தையூர்களுள் ஒன்று பிரிட்ஜ்நார்த். செம்மணற்பாறை முகட்டின்மேல் மேலூரும், ஆற்றை ஒட்டிக் கீழூரும் என இவ்வூர் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றது. இரண்டையும் இணைப்பதற்குச் செங்குத்தான பாறையின்மீது ஒரு சிறு இருப்புப்பாதை 1892-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. உள்நாட்டுப் போரின் முடிவில் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்ட கோட்டையின் ஒரு கோபுரம் மட்டும் வீழாது ஏறத்தாழ 15 பாகை சாய்ந்து நிற்கின்றது. உலகம் வியக்கும் பைசா கோபுரத்தின் சாய்வு இதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை! பைசாவிற்குச் செல்வோர் தொகையையும் இங்கு வருவோர் தொகையையும் எண்ணிப் பார்ப்பின், புகழ் என்பது எவ்வளவு மனம்போன போக்கில் பங்கிடப்படுகின்றது என்பது விளங்கும். கடைத்தெருவின் நடுவே வளைவுகளின்மீது நிற்கும் பழைய நகர மண்டபமும், அதன் அடியிலும் அருகிலும் கூடும் சனிக்கிழமைச் சந்தையும் இவ்வூரின் அடையாளங்கள். இருப்புப்பாதை வருவதற்கு முன் இது பெயர்பெற்ற ஆற்றுத் துறைமுகமாகவும் விளங்கிற்று. அடி தட்டையான பாய்மரப் படகுகளைக் கரையோரம் நடந்த ஆடவர் கயிறு கட்டி இழுத்துச் சென்றனர்.

இவ்வூரிலிருந்து ஆற்றோடு தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் சென்றால் பள்ளத்தாக்கு சற்றே குறுகுகின்றது. மேற்குக் கரையில் ஹைலி, கிழக்குக் கரையில் ஆல்வ்லி என்னும் சிற்றூர்கள் உள்ளன. அவற்றிடையே இருகரையிலும் பரந்துள்ளது செவெர்ன் பள்ளத்தாக்கு நாட்டுப்புறப் பூங்கா. மலர்ப்பாத்திகளும் சிலைகளும் நீரூற்றுகளும் கொண்ட நகரப் பூங்காவை எதிர்பார்த்து வருவோர் இங்கு ஏமாற்றம் அடைவர். சரிவுகளில் காடு, காட்டிற்கு இடையிடையே புல்வெளி, அவற்றின் வழியே வளைந்து இறங்கும் நடைபாதைகள், கீழே மண்ணிறம் கொண்டு அமைதியாகச் செல்லும் ஆறு, அதன்மேல் ஒரு நடைப்பாலம். இவ்வளவே. வெண்ணிறப் பட்டையுடைய பர்ச் மரங்கள் மெல்லிய கிளைகளை அசைத்து நிற்கும். ஆழமற்ற நீரில் நாரை ஒற்றைக் காலில் காத்திருக்கும். நீலப்பொறி தெறித்தாற்போல் மீன்கொத்தி கடந்து செல்லும். மேற்குக் கரையில் பழைய நீராவி வண்டி ஒன்று வெண்புகை கக்கிக்கொண்டு மரங்களுக்கிடையே மறையும்.

இக்காட்சியைக் காண்போர், ‘இயற்கை இவ்விடத்தைக் கெடாமல் காத்து வந்துள்ளது’ என்றே எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. அவர்கள் நிற்கும் பசுமேடு ஒரு காலத்தில் கரியமேடு. காலடியில் இருப்பது நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு.

ஹைலியில் 1870-களில் சுரங்கம் தோண்டப்பட்டது. கரியடுக்கு ஆற்றின் அடியே கிழக்கு நோக்கிப் படர்ந்திருந்தமையால், சுரங்கத் தொழிலாளர் ஆண்டுகள் செல்லச்செல்ல ஆற்றைக் கடந்து அப்பாலும் வெட்டிச் சென்றனர். மேலே படகு செல்ல, கீழே மனிதன் விளக்கேந்திக் குனிந்து நடந்தான். 1930-களில் கிழக்குக் கரையாகிய ஆல்வ்லிப் பக்கத்தில் புதிய குழி இறக்கப்பட்டது. இருப்புப்பாதையோ மேற்குக் கரையில் இருந்தது. எனவே, வெட்டிய கரியை அக்கரை சேர்ப்பதற்கு 1937-இல் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் அப்பாலம் கரி சுமந்தது. 1969-இல் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் கலைந்தனர். கழிவுக் குவியல் மட்டும் ஆற்றங்கரையில் கருமையாகக் கிடந்தது.

கரிச்சுரங்கக் குவியல் என்பது வெறும் அழகுக்கேடு என்று மாணவர்கள் எண்ணிவிடுதல் கூடாது. வேல்ஸ் நாட்டு அபர்வான் என்னும் ஊரில், 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் காலை, மலைச்சரிவில் கொட்டி வைத்திருந்த குவியல் நீரில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தின்மீதும் வீடுகளின்மீதும் பாய்ந்தது. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் மாண்டனர். குவியலின் அடியில் நீரூற்று இருந்ததை முன்னரே கருதிப் பார்த்திருந்தால் அக்கொடுமை நேர்ந்திராது. குவியல்களைக் காவல் செய்வதற்கெனத் தனிச்சட்டம் 1969-இல்தான் பிறந்தது. அதே ஆண்டில்தான் ஆல்வ்லிச் சுரங்கமும் மூடப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அத்தகைய மேட்டைப் பூங்காவாக்குதல் மரக்கன்று நடுவதோடு முடிந்துவிடும் செயலன்று. செங்குத்தான சரிவைத் தணித்து நிலைபெறச் செய்தல் வேண்டும். உள்ளே தேங்கும் நீர் வடிவதற்கு வழி காணுதல் வேண்டும். இத்தகைய கழிவில் கந்தகம் கலந்த இரும்புக் கனிமம் இருக்குமாயின், அது காற்றும் நீரும் பட்டுப் புளித்த மண்ணாகும். பயிர் வேர் கொள்ளாது. அப்புளிப்பைச் சுண்ணாம்பிட்டு மாற்றி, மேல்மண் பரப்பி, வன்னிலத்திலும் பிழைக்கும் புல்லையும் மரத்தையும் தேர்ந்து வளர்த்தல் வேண்டும். பர்ச் மரம் வளமற்ற மண்ணில் முதலில் வந்து குடியேறுவது. ஆல்டர் என்னும் மரமோ தன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரசனைப் பற்றி மண்ணுக்கு உரமூட்டுவது. இவற்றைப் போன்ற எளிய மரங்களே பின்வரும் காட்டிற்கு நிலத்தை ஆயத்தம் செய்கின்றன. இவ்வாறு மனித முயற்சியால் மீட்கப்பட்ட எழில், தொட்டும் கெடாத கன்னிக்காட்டின் எழிலுக்குத் தாழ்ந்ததன்று என்பதே என் துணிபு. கெடுத்தவன் மனிதன், திருத்தியவனும் மனிதன். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று காணும் வாய்ப்பைச் சிகரங்கள் நமக்கு அளிப்பதில்லை.

இனி, உரிமைக்கு வருவோம். இங்கிலாந்தில் நாட்டுப்புற நிலம் பெரும்பாலும் தனியாருக்கு உரியது. பொதுப்பாதையை விட்டு விலகி நடப்பது நெடுங்காலம் அத்துமீறலாகவே கருதப்பட்டது. 1932-ஆம் ஆண்டு ஏப்பிரல் 24-ஆம் நாள், மான்செஸ்டர் முதலிய ஆலை நகரங்களின் இளைஞர் பலர், வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு நிலத்தின்மீது திரண்டு ஏறினர். ஐவர் சிறை புகுந்தனர். நடப்பதற்காகச் சிறை! அக்கிளர்ச்சியும் அதுபோன்ற பிறவும் வீண்போகவில்லை. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறிற்று; 1951-இல் முதல் தேசியப் பூங்கா அந்த மேட்டு நிலத்தையும் தன்னுள் கொண்டே எழுந்தது. எனினும், தேசியப் பூங்காக்கள் பெரும்பாலான நகரத்தார்க்குத் தொலைவில் இருந்தன. எனவே 1968-இல் பாராளுமன்றம் நாட்டுப்புறச் சட்டம் ஒன்றை இயற்றி, ஊர்களுக்கு அருகே நாட்டுப்புறப் பூங்காக்கள் அமைக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கிற்று. 1973-இல் திறக்கப்பட்ட விர்ரல் பூங்கா கைவிடப்பட்ட ஓர் இருப்புப்பாதையின்மீது அமைந்தது. கற்சுரங்கங்களும் சரளைக்குழிகளும் பழைய மாளிகைத் தோட்டங்களும் ஒவ்வொன்றாகப் பொதுமக்களின் கைக்கு வந்தன.

இச்சட்டத்தை ஆக்கியோரின் நோக்கம் முழுவதும் வள்ளன்மை என்று நான் சொல்லமாட்டேன். மகிழ்வுந்துகள் பெருகிய காலம் அது. நகரத்தார் வார இறுதியில் கூட்டங்கூட்டமாகச் சென்று தொலைவிலுள்ள தனிமையான இடங்களை நெருக்குவரே என்னும் அச்சமும் அரசினருக்கு இருந்தது. 1966-இல் அவர்கள் வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதனை மறைக்கவில்லை. அருகிலேயே ஓரிடம் தந்துவிட்டால் மக்கள் அதனோடு அமைவர் என்று கணக்கிட்டனர். ‘நல்லதை ஒளித்துவைத்து நடுத்தரமானதைக் கொடுத்தனர்’ என்று குறை கூறுவோரும் உளர். அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், ஆண்டிற்கு ஒரு முறை காணும் மலையைவிட வாரந்தோறும் நடக்கும் ஆற்றங்கரையே ஒரு பிள்ளைக்குப் பறவையின் பெயரையும் மரத்தின் பருவத்தையும் கற்பிக்கும். கணக்கிட்டுக் கொடுத்தவர் எண்ணியதைவிடப் பெற்றவர் மிகுதியாகப் பெற்றனர்.

என் மனக்குறை வேறிடத்தில் உள்ளது. அச்சட்டம் மன்றங்களைப் பார்த்து, ‘நீங்கள் பூங்கா அமைக்கலாம்’ என்றதே ஒழிய, ‘அமைத்தல் வேண்டும்’ என்று கூறவில்லை. இந்த ஒரு சொல் வேறுபாட்டின் விளைவு சிறிதன்று. அந்நாட்டில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூலகம் நடத்துதல் மன்றங்களின் கடமை. அக்கடமை இருந்தும், 2010-க்குப் பின் பொருள்முடை வந்தபோது நூலகங்கள் பல மூடப்பட்டன. கடமையாக உள்ளதற்கே அந்நிலை என்றால், விருப்பமாக மட்டும் உள்ள பூங்காவின் நிலை என்னாகும்? முதியோர்க்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் செய்யவேண்டியதைச் சட்டம் வற்புறுத்துகின்றது, அது நேரியதே. அதைச் செய்தபின் எஞ்சும் சிறு தொகையில்தான் பூங்காவின் பாதையும் பாலமும் வேலியும் காவலரும் பங்கு கேட்டு நிற்கின்றன.

‘நோயாளிக்கு மருந்து, பசித்தவனுக்கு உணவு, அவற்றிற்குப் பின்னரன்றோ உலாவ இடம்?’ என்று வினவலாம். வினா நேர்மையானது. ஆயினும் பூங்காவை ஓர் அணிகலனாகக் கருதுவதனாலேயே அவ்வினா எழுகின்றது. மேலே கூறிய கரிமேட்டை நினைத்துப் பாருங்கள். அதன் வடிகால் தூர்ந்தால் மழைநீர் உள்ளே தேங்கும், சரிவு தளரும். ஆறும் ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பதன்று. 2007-ஆம் ஆண்டுக் கோடையில் பெய்த பெருமழையால், பூங்காவை ஒட்டிச் செல்லும் செவெர்ன் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை பல இடங்களில் கரை சரிந்து சிதைந்தது. முழுப் பாதையிலும் வண்டி ஓடுவதற்கு 2008 மார்ச்சு ஆயிற்று. இத்தகைய நிலத்தை ஒருமுறை திருத்திவிட்டுக் கைகழுவ இயலாது. ஆண்டுதோறும் பேணுவோர் வேண்டும். பேணும் செலவை விருப்பச் செலவு என்று ஏட்டில் எழுதிவிடுவதால் நிலத்தின் இயல்பு மாறிவிடுவதில்லை. ஆகவே, இருக்கும் பூங்காக்களைக் காத்தல் மன்றங்களின் கடமை எனச் சட்டம் திருத்தப்படுதல் வேண்டும். அதற்குரிய பொருளையும் நடுவண் அரசு அளித்தல் வேண்டும். பொருளின்றிக் கடமையை மட்டும் சுமத்துதல், எருதுக்கு வைக்கோலிடாது ஏரில் பூட்டுவதை ஒக்கும்.

அங்குச் செல்லும் பேறு பெறுவோர்க்கு ஒரு சொல். அங்கு ஓடும் நீராவி வண்டிகளும் ஒருவகையில் மீட்கப்பட்டவையே. 1862-இல் திறந்த அப்பாதையில் பயணிகள் வண்டி 1963-இல் நிறுத்தப்பட்டது. ஆர்வலர் கூடிப் பாதையின் ஒரு பகுதியை 1970-இல் மீண்டும் இயக்கினர். சுரங்கத் தொழிலாளர் ஏறி இறங்கிய பழைய நிறுத்தம் இருந்த பக்கத்திலேயே, பூங்காவிற்கென ஒரு சிறு நிறுத்தம் 1996-இல் திறக்கப்பட்டது. அதில் இறங்கிப் பாலத்தின் நடுவே சற்று நில்லுங்கள். பிரிட்ஜ்நார்த்திற்கும் தெற்கேயுள்ள பியூட்லிக்கும் இடையே செவெர்ன் ஆற்றின்மேல் வண்டிகள் செல்லும் பொதுச்சாலைப் பாலம் ஒன்றும் இல்லை. சுரங்கம் மூடிய பின்பும் ஹைலிச் சிறுவனை ஆல்வ்லிக்கு நடத்திச் சென்றது கரி சுமந்த அப்பழைய பாலந்தான். அது நாளடைவில் நலிந்தது. கரி இல்லை, இனிப் பாலம் எதற்கு என்று அதனை இடித்துவிட்டுப் போயிருக்கலாம். அதனால் வருவாய் குன்றப்போவதில்லை. ஆயினும் 2006-இல் அதே இடத்தில், நடந்து செல்வோர்க்கெனவே, புதிய பாலம் கட்டினர்.