ஏ1 போதும் என்கிற தம்பிக்கு

"கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ்லதான் அண்ணா. அப்புறம் ஜெர்மன் எதுக்கு?" முதுகலை படிக்க ஜெர்மனி கிளம்பும் கடலூர்த் தம்பி ஒருவன் கேட்டான். ஏ1 முடித்துவிட்டானாம், அது போதுமாம்.

போதாது. வகுப்பு இங்கிலீஷில் நடக்கும். வாடகை ஒப்பந்தமும் நகராட்சிக் கடிதமும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஜெர்மனில்தான். இதே தம்பி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வங்கி கவுன்டரில் தமிழ் தெரியாதவர் உட்கார்ந்திருந்தால் கொதிக்கிறான். "நம்மூருக்கு வந்தா நம்ம மொழி கத்துக்க வேணாமா?" நியாயம்தான். விமானம் ஏறியதும் அந்த நியாயம் காலாவதியாகிவிடுமா?

அடுத்த சாக்கு, "ரெண்டு வருஷம்தானே, டைம் எங்க இருக்கு?" தனிநாயகம் அடிகள் 1930களில் இலங்கையிலிருந்து ரோமுக்கு இறையியல் படிக்கப் போனவர். ஐரோப்பிய மொழிகள் பல கற்றார். அதோடு நிற்கவில்லை. முப்பது வயது தாண்டியபின், 1945இல், நம் பக்கத்துச் சிதம்பரத்துக்கு வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க மாணவராகச் சேர்ந்தார். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தது அவர்தான். இரண்டு மொழியும் தெரியாதவர் கையில் கிடைத்திருந்தால் அது வெறும் பழைய புத்தகம்.

பார்ட் டைம் வேலை, பரீட்சை, கடன் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் ரெண்டு வருஷம் ஒரு ஊர்த் தண்ணியைக் குடித்துவிட்டு அதன் பேச்சு புரியாமல் திரும்பினால், லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கியதாகத்தான் கணக்கு, தம்பி.