தகப்பன்சாமியின் ஊரில் பெற்றோருக்கு ஒரு நாற்காலி

தந்தைக்கு மைந்தன் உபதேசம் செய்த தலம் என்று சுவாமிமலையைப் போற்றுகிறோம். குருவாக அமர்ந்தவன் பிள்ளை. கைகட்டி வாய்பொத்திக் கேட்டவர் தகப்பன். அந்தக் கட்டுமலையின் அறுபது படிகளுக்கும் பிரபவ முதலான அறுபது ஆண்டுகளின் பெயரைச் சொல்லி ஏறுகிறோம். கல்வியின் பெருமையை இதைவிட அழகாகச் சொல்லும் தலபுராணம் வேறெந்த ஊருக்கு வாய்க்கும்? ஆனால் படியிறங்கி வந்தவரிடம், உங்கள் தெருப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அது எந்த நாளில் கூடுகிறது, புத்தாண்டில் அதன் முதல் வேலை என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோரிடம் விடை இராது. அந்த மௌனத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு அமைத்தாக வேண்டும் என்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் வகுப்பது, வந்த மானியம் எங்கே செலவானது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் குழுவின் பணிகள். அடுத்துவரும் 22ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குழு வகுக்கும் திட்டமே, அரசும் உள்ளாட்சியும் அப்பள்ளிக்குத் தீட்டும் திட்டங்களுக்கும் தரும் மானியங்களுக்கும் அடிப்படை என்று அது கூறுகிறது. நாற்று நடும் பெண்ணும், களிமண் பூசும் பட்டறைத் தொழிலாளியும் கூடி எழுதும் காகிதத்தைப் பார்த்து அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது எத்தனை பெரிய அதிகாரம்!

தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. இருபது உறுப்பினர், அவர்களில் பதினைந்து பேர் பெற்றோர். 2024இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. சட்டத்தில் குறையில்லை, ஆணையிலும் குறையில்லை என்று சொல்லிவிடலாம். நிற்க.

நடைமுறைக்கு வருவோம். கூட்டம் என்றால் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது என்றாகிவிட்ட பள்ளிகள் எத்தனை! வாசகம் முன்னரே எழுதப்பட்டிருக்கும். நடவு நாளில் கூலியை விட்டு வந்த தாய், அவசரமாகப் பெயரெழுதிவிட்டு வயலுக்குத் திரும்புவாள். ஆண்டு விழாவுக்கு நன்கொடை தேவைப்பட்டால் மட்டும் குழுவின் நினைவு வரும். நுழைவாயில் வளைவு, அதில் பொறிக்க வேண்டிய பெயர்கள், சுவருக்குப் புது வண்ணம் என்பனவே விவாதப் பொருள்களாகும். குழு என்பது பள்ளியின் எசமானர் என்ற நிலைபோய், விழாக் கமிட்டி என்ற நிலைக்கு வந்துவிட்டது. இதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

எதிர்ப்பதற்கு நமக்குக் காரணம் உண்டு. அக்காரணம் சுவாமிமலைக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் கும்பகோணத்தில் இருக்கிறது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில் கிருஷ்ணா பள்ளியின் சமையற்கூடத்திலிருந்து எழுந்த தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரையைப் பற்றிக்கொண்டது. தொண்ணூற்று நான்கு குழந்தைகள் மாண்டார்கள். எல்லாரும் தொடக்கப்பள்ளி வயதினர். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்தன. இறங்குவதற்கு இருந்தது குறுகலான படி.

ஓய்வுபெற்ற நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாது என்று அரசு தடுத்தது. பத்தாண்டுகள் கழித்து 2014 ஜூலை 30 அன்று தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது. பதினோரு பேரை விடுவித்தது. 2017இல் மேல்முறையீட்டில் நிறுவனரின் தண்டனை குறைந்தது. வேறு சிலர் விடுதலையாயினர். நீதிமன்றங்கள் தம் கடமையைச் செய்தன. ஆனால் நாம் கேட்பது வேறு. கூரை கீற்றால் வேயப்பட்டது என்பதையும், படி குறுகலானது என்பதையும், அடுப்பு அருகில் எரிகிறது என்பதையும் காண்பதற்குப் பொறியியல் பட்டமா வேண்டும்? பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட எந்தத் தாய்க்கும் அது கண்ணில் படும். கண்ணில் பட்டதைக் கேட்கும் அதிகாரம்தான் அவளிடம் இல்லை. தடுக்கும் அதிகாரம் பெற்றவர் அலுவலகத்தில் இருந்தார். எரியும் பொருளைத் தினமும் பார்த்தவர் வாசலில் நின்றார். இரண்டையும் ஒருவரிடமே சேர்ப்பதற்காகத்தான் மேலாண்மைக் குழு.

கும்பகோணத்துத் தீயைச் சுட்டித் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடங்கும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில்தான் கல்வி உரிமைச் சட்டமும் பிறந்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும், மற்ற எல்லா உதவி பெறும் பள்ளிகளிலும், மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கோ முதலிலிருந்தே குழு கட்டாயமில்லை.

எரிந்த கிருஷ்ணா பள்ளி எவ்வகையைச் சேர்ந்தது? அரசு உதவி பெறும் பள்ளி. அதாவது, தொண்ணூற்று நான்கு உயிர்கள் போன அதே வகைப் பள்ளியில், இன்று ஒரு தாய் குழுவில் அமர்ந்து, “இந்த அடுப்பை அகற்றுங்கள்” என்று சொன்னால், அது வெறும் யோசனை. நிர்வாகம் கேட்டாலும் கேட்கலாம், கேளாமலும் இருக்கலாம். சிறுபான்மையினர் தம் நிறுவனத்தைத் தாமே நடத்த அரசியலமைப்பு உரிமை தந்திருப்பதை நாம் மறுக்கவில்லை. பாடத்திலும் நியமனத்திலும் நிர்வாகத்தின் சொல் இருக்கட்டும். ஆனால் தீயணைக்கும் கருவிக்கும், அவசர வழிக்கும், உறுதியான கூரைக்கும் எந்த நிர்வாகத்தின் தனியுரிமை குறுக்கே நிற்க முடியும்? குழந்தையின் உயிர் தொடர்பானவற்றிலேனும் எல்லா வகைப் பள்ளியிலும் குழுவின் முடிவு கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இதற்கு ஒரு மறுப்பு வழக்கமாக எழுகிறது. படிக்காத பெற்றோருக்குப் பள்ளி நிர்வாகம் என்ன தெரியும் என்பார்கள். சுவாமிமலைக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும். மெழுகில் உருவமைத்து, காவிரியின் வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் கலை இவ்வூரில் தலைமுறைகளாகத் தழைத்துவருகிறது. உலகின் அருங்காட்சியகங்கள் கொண்டாடும் அந்த நுட்பத்தைப் பட்டறையில் கற்றவர்களுக்கு, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கத் தெரியாதா? விதைநெல்லின் அளவும் முறைப்பாசனத்தின் நாளும் கணக்கிடும் உழவருக்கு, மானியத்தின் வரவு செலவு புரியாதா? தெரியாமையை வளர்ப்பது, கணக்கை அவர்கள் கண்ணில் காட்டாத பழக்கமே.

இம்மண்ணில் உள்ளூர் மன்றங்கள் கல்வியை நடத்திய வரலாறும் உண்டு. பழைய தஞ்சை ஜில்லா போர்டு தீர்வையோடு வசூலித்த பணத்தில் மாயவரம் முத்துப்பேட்டை இருப்புப்பாதையையே போட்டது. 1894இல் வண்டி ஓடியது. பிற்காலத்தில் அதன் தலைவரான ஏ.டி. பன்னீர்செல்வம், சத்திரங்களின் மாணவர் விடுதிகள் ஒரு சாதியாருக்கே உரியவை என்றிருந்த நிலையை மாற்றி, ஏனையோருக்கும் திறந்துவிட்டார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரனார் தாலுகா போர்டின் பொறுப்பிலிருந்து ஊர்தோறும் பள்ளிகள் திறந்தார். அந்த போர்டுகளில் குறைகள் இல்லாமலில்லை. நிலமுள்ளவரே பெரும்பாலும் அங்கே அமர்ந்தனர். ஆனால் அவற்றிடம் வரிப்பணம் இருந்தது, முடிவெடுக்கும் துணிவும் இருந்தது. இன்றைய குழுவிலோ நிலமற்றவருக்கும் நாற்காலி உண்டு. அதன் கையில் பணமில்லை. இரண்டையும் இணைப்பதுதான் சனநாயகம்.

ஆகவே புத்தாண்டில் குழுக்கள் செய்ய வேண்டியவை என்று மூன்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, பாதுகாப்பு. ஆண்டின் முதல் கூட்டத்தை அறைக்குள் நடத்தாமல் பள்ளியைச் சுற்றி நடந்து நடத்துங்கள். சமையற்கூடம், மின்கம்பி, கூரையின் விரிசல், கிணற்றின் மூடி, வாய்க்காலோரத்துச் சுவர் ஆகியவற்றைப் பார்த்து, கண்டதைக் கண்டபடி தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுத்தில் ஏறிய குறையை அதிகாரி பின்னாளில் அறியவில்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, திட்டம். நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பாகவே பள்ளி வளர்ச்சித் திட்டம் ஆயத்தமாக வேண்டும் என்பது மத்திய அரசின் மாதிரி விதி. அப்படியானால் திசம்பர் முடிவதற்குள் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்பட்டதா என்று சனவரியில் கேளுங்கள். இல்லையென்றால் அன்றே எழுதத் தொடங்குங்கள். எழுதியதைப் பள்ளிச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள். வளைவுக்குப் பெயர் பொறிப்பதைவிட இது மலிவானது.

மூன்றாவது, நூலகம். இலக்கிய அன்பர்களான நாம் இதைக் கேளாமல் வேறு யார் கேட்பது? கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்த இராமானுசன் கையில் 1903 வாக்கில் அரசு கல்லூரி நூலகத்தின் ஒரு கணித நூல் கிடைத்தது. நூறாண்டு கடந்தும் உலகம் அதன் விளைவைப் படித்துக்கொண்டிருக்கிறது. அதே கல்லூரியில் 1880 முதல் தமிழாசிரியராக இருந்தபடிதான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்து 1887இல் அச்சேற்றினார். நூலக அறிவியலின் தந்தை அரங்கநாதன் பிறந்த சீர்காழியும் அந்நாளில் தஞ்சை ஜில்லாவே. அத்தகைய மண்ணில், பள்ளிக்கு வந்த நூல்கள் பூட்டிய பீரோவில் கறையானுக்கு இரையாவதா? கிழிந்துவிடும் என்று அஞ்சிப் பூட்டுகிறார்கள். கிழியட்டும்! கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். சாவியைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் தீர்மானத்தைக் குழு நிறைவேற்றட்டும்.

கடைசியாக அரசுக்கு ஒரு சொல். கூட்டத்தைக் கூலி வேலை முடியும் மாலையில் வையுங்கள். வயலில் நிற்பவளைக் காலை பதினோரு மணிக்கு அழைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று அறிக்கை எழுதாதீர்கள். குழுவின் தீர்மானத்துக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் விடை தாருங்கள். மறுப்பதானால் காரணத்தோடு மறுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் பெயரெழுதும் முன் அந்தத் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால், உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி அவன் வாயால் வாசிக்கக் கேளுங்கள். மைந்தன் சொல்லத் தந்தை கேட்பது இவ்வூருக்குப் புதிதல்ல.