8÷2(2+2): விடை 16-ஆ, 1-ஆ? சண்டை கணக்கில் இல்லை, எழுதிய விதத்தில்!

8÷2(2+2) எவ்வளவு? 2019-ல் ட்விட்டரில் இந்த ஒரு வரி பெரிய சண்டையையே மூட்டியது. ஒரு கூட்டம் 16 என்றது. இன்னொரு கூட்டம் 1 என்று சூடம் அணைத்து சத்தியம் செய்தது. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதும் அளவுக்கு விஷயம் போனது. வாட்ஸ்அப் குரூப்களில் இப்போதும் அவ்வப்போது தலைகாட்டும் இந்தக் கணக்கில் அப்படி என்னதான் சிக்கல்?

கோவை என்றால் என்ன?

எண்கள், மாறிகள், குறிகள் ஆகியவற்றைக் கோத்து எழுதினால் அது கோவை. 'விலை × 1.18' ஒரு கோவை. அது ஒரு மதிப்பைக் குறிக்கிறது, அவ்வளவுதான். நடுவில் சமக்குறி வந்து 'விலை × 1.18 = 1180' என்று ஆனால், அது சமன்பாடு. 'நேற்று பெய்த மழை' என்பதற்கும் 'நேற்று மழை பெய்தது' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. முதலாவது வெறும் தொடர். இரண்டாவது முழு வாக்கியம்.

அப்போ எது ரைட்?

'பழைய புத்தகக் கடை' என்று ஒரு போர்டு. பழையது கடையா, புத்தகமா? சொற்களை எப்படிச் சேர்த்துப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். இங்கேயும் அதே கதைதான்.

பள்ளி விதிப்படி, அடைப்புக்குறியை முடித்துவிட்டு இடமிருந்து வலமாகப் போனால் 8÷2 = 4, பிறகு 4×4 = 16. ஆனால் 2(2+2) என்று ஒட்டி எழுதியதை ஒரே துண்டாகப் பார்ப்பவருக்கு 8÷8 = 1. அறிவியல் கட்டுரைகளில் ஒட்டி எழுதிய பெருக்கலை முதலில் முடிக்கும் வழக்கமும் உண்டு. சயின்டிஃபிக் கால்குலேட்டர்களே மாடலுக்கு மாடல் வேறு விடை காட்டும். வகுத்தலுக்கு ÷ குறியைப் பயன்படுத்த வேண்டாம் என்றே ஐஎஸ்ஓ 80000-2 தரநிலை சொல்கிறது. (8÷2)(2+2) என்று எழுதியிருந்தால் சண்டைக்கே இடமில்லை.

'போட்மாஸ்' போதாதா?

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கூட்டல் முன்னால், கழித்தல் பின்னால் என்று மனப்பாடம் செய்தவர் 10−4+3 என்பதற்கு 3 என்பார். சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் சம அந்தஸ்து கொண்டவை. இடமிருந்து வலமாகத்தான் செய்ய வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அப்படியே.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்?

நிஜமான பணம்! 1000 ரூபாய், 500 ரூபாய் என இரண்டு பொருள்கள். இரண்டுக்கும் 18% ஜிஎஸ்டி. எக்செல்லில் 1000+500*1.18 என்று போட்டால் 1590 வரும். போட வேண்டியது (1000+500)*1.18, அதாவது 1770. ஒரு ஜோடி அடைப்புக்குறி விட்டுப்போனதில் ஒரு பில்லுக்கு 180 ரூபாய் அவுட். எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. ஏனென்றால், அதைப் பொறுத்தவரை அதுவும் சரியான கோவைதான்.

சாஃப்ட்வேர்களுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. −2-இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் எக்செல் 4 என்கிறது. பைத்தான் −4 என்கிறது. விண்டோஸ் கால்குலேட்டரில் 2+3×4 என்று தட்டினால் ஸ்டாண்டர்ட் மோடில் 20, சயின்டிஃபிக் மோடில் 14.

என்ன செய்யலாம்?

'சுருக்குக' என்று கேட்டே நம் வகுப்பறைகள் பழகிவிட்டன. யாரோ எழுதிய கோவைக்கு விடை காண்பது மட்டும் கணிதம் ஆகாது. ஒரு பில்லையோ சம்பள உயர்வையோ கொடுத்து 'இதைக் கோவையாக எழுதுக' என்றும் கேட்க வேண்டும். வேலைக்குப் போனபின் நாம் தினமும் செய்வது அதைத்தானே?

அதுவரை ஒரு எளிய பழக்கம் போதும். சந்தேகம் வரும் இடத்தில் அடைப்புக்குறி போடுங்கள். ஃபார்முலாவை அனுப்பும் முன், விடை தெரிந்த ஒரு சின்ன எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். அடைப்புக்குறி கூடுதலாகப் போட்டு யாரும் நஷ்டப்பட்டதில்லை!