கரையான் அரித்த பிறகு கணக்குப் பார்க்கலாமா?

எங்கள் சமையலறையில் ஒரு ஸ்விட்ச் போர்டு ரொம்ப நாளாகவே சூடாகிக்கொண்டிருந்தது. "இந்த மாசம் ஸ்கூல் ஃபீஸ், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று நானும் என் கணவரும் ஆறு மாதம் தள்ளிப் போட்டோம். ஒரு நாள் ராத்திரி கருகல் வாசனை. எழுந்து ஓடி மெயினை அணைத்தோமோ, பிழைத்தோமோ!

அதன் பிறகு, பள்ளிக் கட்டுரைக்காக என் மகள் பிரேசில் தேசிய அருங்காட்சியகத்தைப் பற்றிப் படித்துக் காட்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ரியோ டி ஜெனிரோவில் 1818-ல் ஆரம்பித்தது அது. வேடிக்கை பார்க்கும் இடம் மட்டுமல்ல, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரிய ஆராய்ச்சி நிலையமும்கூட. சுமார் 2 கோடி பொருட்கள் இருந்தனவாம். ஆனால் 2014-லிருந்து பராமரிப்புப் பணம் முழுசாக வரவில்லை. டைனோசர் எலும்புக்கூட்டைத் தாங்கிய மேடையைக் கரையான் அரித்து, அந்தக் கூடத்தையே மூடினார்கள். அதைச் சரி செய்யப் பொதுமக்களிடம் காசு வசூலித்தார்கள். ஒரு நாட்டின் தேசிய நிலையத்துக்கு இந்தக் கதி!

2018 ஜூனில், 200-வது ஆண்டு நிறைவின்போது, ஒருவழியாக 2 கோடியே 17 லட்சம் ரியல் தர ஒப்பந்தம் ஆனது. தீத்தடுப்பு வேலையும் அதில் சேர்த்தி. பணம் கைக்கு வருமுன்பே, செப்டம்பர் 2-ம் தேதி இரவு தீப்பிடித்துவிட்டது. ஏ.சி. மிஷினில் ஆரம்பித்த தீ என்று விசாரணையில் சொன்னார்கள். அணைக்கப் போனால் பக்கத்துக் குழாய்களில் தண்ணீர் இல்லை! பெரும்பகுதி சாம்பல். பேச ஆளே இல்லாமல் போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் போயின. அந்தக் குரல்களை இனி எந்தக் கோடீஸ்வரன் வாங்கித் தர முடியும்?

"ஜனங்க சாப்பாட்டுக்கே கஷ்டப்படறப்போ பழைய எலும்புக்கு எதுக்குக் காசு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அக்கா, ஓட்டை விழுந்த கூரைக்கு ஓடு மாற்றாமல் மிச்சம் பிடித்தால் அது சேமிப்பா? வருஷா வருஷம் கொடுத்திருக்க வேண்டிய தொகையைப் போலப் பல மடங்கு, எரிந்த கட்டடத்தை எழுப்பவே செலவாகிறது.

செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது பராமரிப்பைத்தான். ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. திறப்பு விழாவும் கிடையாது. எந்த நாட்டு அரசானாலும் இந்த மாதிரி நிலையங்களுக்கான பணத்தைத் தீபாவளிச் செலவாக நினைக்காமல், மாதாமாதம் முதலில் எடுத்து வைக்கும் அரிசிக் காசாக நினைக்க வேண்டும்.

எங்கள் ஸ்விட்ச் போர்டை மறுநாளே மாற்றிவிட்டோம். உங்கள் வீட்டில் எதைத் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள், தோழிகளே?

- ஒரு இல்லத்தரசி, திருச்சி