இலவச மின்சாரமும் கிணற்றுத் தண்ணீரும்

கோவை வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியும் முன்பே கவலை ஓட்டும் சத்தம் கேட்கும். எருதுகள் சரிவில் இறங்கினால் தோல் பறி நிறைந்து மேலே வரும். பின்னோக்கி ஏறினால் பறி மறுபடியும் கிணற்றுக்குள் போகும். தென் மாவட்டங்களில் இதைக் கமலை என்பார்கள். நாள் முழுதும் இறைத்தாலும் அரை ஏக்கர் பாய்வதே பெரும்பாடு. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். அந்த நேரத்தில் கிணறும் ஊறிக்கொள்ளும்.

இந்தப் பாட்டிலிருந்து உழவரை விடுவித்தது மின்சாரம். 1932-ல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. கோவை நூற்பாலைகளுக்கு மின்சாரம் கிடைத்ததைத் தொடர்ந்து, சுற்றுப்புறக் கிணறுகளுக்கும் இணைப்புகள் பரவின. 1937-ல் மேட்டூரும் 1944-ல் பாபநாசமும் சேர்ந்துகொண்டன. 1957-ல் மாநில மின்சார வாரியம் அமைந்த பிறகு கம்பிகள் கிராமம் கிராமமாக நீண்டன. 1969-ல் மத்திய அரசு அமைத்த ஊரக மின்மயமாக்கல் கழகம் இப்பணிக்குக் கடனுதவி அளித்தது. பம்புசெட்டு வந்த தோட்டங்களில் ஒருபோகம் இருபோகமாயிற்று. சோளம் விளைந்த மேட்டு நிலத்தில் பருத்தியும் மஞ்சளும் வாழையும் வந்தன.

மின்சாரம் இலவசமானது சும்மா வந்த சலுகை அல்ல. 1970-ல் யூனிட் கட்டணம் உயர்த்தப்பட்டபோது கோவை மாவட்ட விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவ்வாண்டு பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரச் சாலைகளை நிறைத்தன. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கிற்று. 1989-ல் பொறுப்பேற்ற மு. கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கிற்று. உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை இது. சிறு விவசாயியிடமிருந்து இதைப் பறிப்பது நியாயமாகாது.

ஆனால் அந்த உரிமையைச் சிறு விவசாயி முழுமையாக அனுபவிக்கிறாரா என்பதே கேள்வி. கம்பியில் மின்சாரம் இருந்து கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் இலவசத்தால் என்ன பயன்?

சாதாரண மையவிலக்கு பம்பு 20, 25 அடிக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்சாது. நீர்மட்டம் இறங்க இறங்க பம்பைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கினார்கள். பிறகு கிணற்றின் அடியில் துளை போட்டார்கள். அதன்பின் கம்ப்ரசரும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தன. கொங்கு நாட்டில் 1,000 அடியைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இன்று புதுமையல்ல. 50 அடியிலிருந்து பத்துக் குடம் ஏற்றும் மின்சாரம், 500 அடியிலிருந்து ஒரு குடமே ஏற்றும். வசதி உள்ளவர் கடன் வாங்கியாவது ஆழம் போகிறார். இரண்டு ஏக்கரும் பழைய திறந்தவெளிக் கிணறும் வைத்திருப்பவர் தோட்டத்தை மானாவாரியாகப் போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறார். இருவருக்கும் மின்சாரம் இலவசம்தான். பெரிய மோட்டார் வைத்திருப்பவருக்கே அதில் பெரும்பங்கு போய்ச் சேருகிறது.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 2003-ல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் நீக்கப்பட்டது. அன்று மாடு களைத்தபோது தானே விழுந்த அளவை இன்று உழவரே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் ஆட்டோ ஸ்டார்ட்டர் பழக்கத்தைக் கைவிட வேண்டும். நள்ளிரவில் கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடட்டும் என்று விட்டுவிட்டால், வாய்க்கால் உடைந்து தண்ணீர் வீணாவதைப் பார்க்க ஆளிருக்காது. அடுத்து, கிணற்றின் ஊற்றுக்கு ஏற்ற மோட்டார்தான் வேண்டும். இறைக்கும் முன் நீர்மட்டம் என்ன, நிறுத்தியபின் எத்தனை மணி நேரத்தில் பழைய மட்டத்துக்கு ஏறுகிறது என்று வாரம் ஒருமுறை குறித்து வந்தால், கோடையில் எவ்வளவு பயிர் வைக்கலாம் என்பது தெரிந்துவிடும். தண்ணீர் குறையும் ஆண்டில் வாழை, கரும்பைக் குறைத்துக்கொண்டு நிலக்கடலை, உளுந்து, கம்பு பயிரிடுவது தோல்வியல்ல, முன்யோசனை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. ஆனால் சொட்டுநீரில் மிச்சமான தண்ணீரைக் கொண்டு இன்னும் ஓர் ஏக்கரைச் சேர்த்துக்கொண்டால் கிணற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இவை தனியொருவர் செய்து தீர்வன அல்ல. அடுத்தடுத்த தோட்டங்களின் கிணறுகள் பெரும்பாலும் ஒரே ஊற்றைத்தான் பங்கிடுகின்றன. ஒருவர் சிக்கனமாக இருக்க, பக்கத்துத் தோட்டத்தார் அதை இறைத்துவிட்டால் சிக்கனம் செய்தவர் ஏமாளியாவார். ஆகவே பத்துப் பதினைந்து கிணற்றுக்காரர்கள் கூடிப் பேசி, கோடைக்கு என்ன பயிர், புதிய ஆழ்துளை எங்கே வேண்டாம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய ஊர்களுக்கு இது புதிய பாடமல்ல.

அரசுக்கும் கடமை உண்டு. பல்லாண்டுகளாக இணைப்புக்குக் காத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். மும்முனை மின்சாரத்தைப் பகலில், குறைந்த மின்னழுத்தம் இல்லாமல் தந்தால் இரவுக் காவலும் மோட்டார் எரிவதும் குறையும். மின்சாரம் எவ்வளவு செலவாகிறது என்று அறிய வேண்டுமானால் டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வைத்தாலே போதும். தோட்டந்தோறும் மீட்டர் என்றதும் கட்டணம் வரப்போகிறதோ என்று விவசாயி அஞ்சுகிறார். 1970-களின் நினைவு இருக்கும்வரை அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது.

சூரிய சக்தி பம்புசெட்டுகளும் மானியத்தில் வரத் தொடங்கிவிட்டன. அங்கேயும் இறைப்பதற்குக் கட்டணம் கிடையாது. வெயில் உள்ளவரை ஓடும். விசை எதுவானாலும் தண்ணீர் அதே ஊற்றிலிருந்துதான் வர வேண்டும். மின்சாரத்துக்காக ஒன்றுசேர்ந்து நின்ற உழவர்கள் இப்போது தண்ணீருக்காகவும் ஒன்றுசேர வேண்டும். இல்லையேல் பெற்ற உரிமை வறண்ட கிணற்றின் மேல் நிற்கும் மின்கம்பமாகிவிடும்.