ஏரிக்கு யார் எம்.எல்.ஏ.?

பழவேற்காடு ஏரியின் ஆரம்பாக்கத்துக் கரை மீனவர்களுக்கும் தீவு மீனவர்களுக்கும் தனிப் பிரதிநிதித்துவம் எதற்கு, அவர்களுக்கும்தான் ஓட்டு இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. அது எந்தெந்தப் பெட்டியில் சிதறுகிறது என்பதை அப்படிச் சொல்பவர்கள் பார்ப்பதில்லை.

ஏரி ஒன்றுதான். ஆள்வது இரண்டு மாநிலங்கள். ஆரம்பாக்கம் கும்மிடிப்பூண்டித் தொகுதி, பழவேற்காடு ஊர் பொன்னேரி. தமிழ் பேசும் இரக்கம் தீவோ ஆந்திரத்தின் சூலூர்ப்பேட்டையில். ஒரே தண்ணீரில் வலை போடுகிறவர்கள் மூன்று தொகுதிகளிலும் சிறு கூட்டம். முகத்துவாரம் தூர்ந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? எல்லைத் தகராறில் வலை பறிபோனால்?

சிறு கூட்டத்துக்கெல்லாம் தொகுதி கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பது அடுத்த வாதம். 2011 கணக்கெடுப்பில் லட்சத்தீவின் மக்கள்தொகை 64,473. அதற்கு முழுதாக ஓர் எம்.பி.; 1967 முதல் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அது யூனியன் பிரதேசம் என்பார்கள். சரி, தலைக்கணக்கு வாதம் அங்கே மட்டும் ஏன் வாய் மூடிக்கொள்கிறது?

மீனவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்பதுதான் வேடிக்கை. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்பதைப் பாடு முறையில் தலைமுறைகளாக இவர்களே பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஏரிக்கு அருகே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக அரசுத் தரப்பு நடத்த வேண்டிய கருத்துக்கேட்புக் கூட்டமோ 2021 ஜனவரியில் ஒருமுறை, 2023 செப்டம்பரில் மறுமுறை, எதிர்ப்புகளுக்கிடையே தள்ளிப்போனது.

தொகுதி கேட்பது பெரிய கோரிக்கை என்றால், இரு மாநில மீன்வளத் துறைகளும் சேர்ந்து உட்காரும் ஏரிக் குழு ஒன்றை அமைக்கட்டும். பாதி நாற்காலி மீனவர்களுக்கு.